உச்சி வேளையில் திறக்கும் கதவு

குப்புராஜுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும்தான் உண்டு. துப்பறியும் பரசுராமனிடம் இதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே! லாரியில் கிளீனராக இருந்தவனுக்குத்தான் கார் வேலை வரும் என்று சொல்லி, பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் செங்கம்மாள் வீட்டுக் கொட்டகையில் ஏழு வருஷமாக முடங்கிக் கிடந்த பழைய மாரிஸ் காரின் அடியில் அவனைப் படுக்க வைத்துவிட்டு, தான் மட்டும் ஊருக்குள் நாலு பேரிடம் பேச்சுக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

ஊரில் ஒருத்தரும் அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். உச்சி வேளையில் அந்தக் காரின் டிரைவர் பக்கக் கதவு தானாகத் திறக்குமாம். காருக்குச் சொந்தக்காரன் அரசப்பன் அதிலிருந்து இறங்கி, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொள்வானாம். அவன் அறுபத்தாறாம் வருஷம் பழவேற்காடு ஏரியில் குளிக்க இறங்கியவன். சட்டையும் செருப்பும் காரும் கரையில் இருந்தன. ஆள் மட்டும் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குப்புராஜ் ஆயில் அடைப்பைத் திருகிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே கிறீச்சென்று கதவு திறந்தது.

காருக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. பேய்க்குக் கால் கிடையாது என்று அதுவரை அவனுக்கு ஒரு தைரியம் இருந்தது, அதுவும் போயிற்று. பாதங்கள் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றன, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்குகிறாற்போல இரண்டடி பின்னால் போயின, பிறகு மெல்ல வீட்டைப் பார்க்கத் திரும்பின. அப்போதுதான் அவன் கவனித்தான். வலது கால் விரலில் மெட்டி இருந்தது. இடது கால் விரல் மொட்டையாக இருந்தது.

பரசுராமன் திரும்பி வந்ததும் குப்புராஜ் ஒன்றுவிடாமல் சொன்னான். கதவைத் திறப்பது பேய் இல்லை, சாட்சாத் அந்த அம்மாவேதான் என்று அடித்துச் சொன்னான். ஒரு கால் மெட்டி மட்டும் ஏன் இல்லை என்று அவர் கேட்டார்.

"இப்போ எதுதான் சார் ஜோடியா கெடைக்குது? மெட்டிக்கும் இறக்குமதி லைசென்ஸ் நிறுத்திட்டாங்களோ இன்னாவோ" என்றான்.

பரசுராமன் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஏமாற்று கேஸ்களைத் துருவித் துருவி, கடைசியில் திருவள்ளூரில் சொந்தமாகப் போர்டு மாட்டிக்கொண்டவர் அவர். சிரிப்பு அவருக்கு மாசத்தில் ஒருநாள் வந்தால் உண்டு. நேரே செங்கம்மாளிடம் போய்க் கேட்டுவிட்டார்.

அவள் மறைக்கவில்லை. நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக, வாசற்படியில் நின்று நிதானமாகச் சொன்னாள். போன கார்த்திகையிலிருந்து உச்சி வேளை ஆனால் காருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது, தனக்கு மட்டும்தான் கேட்கிறது, அதனால் போய்த் திறந்துவிடுகிறாள்.

"எறங்கறதுக்கு வழி வோணாமா அய்யா?" என்றாள்.

குப்புராஜ் வேலை இருப்பதுபோல ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான்.

*

செங்கம்மாளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் பெண்டாட்டியா, கைம்பெண்ணா?

ஏழு வருஷமாக அவள் புருஷனுக்குக் காரியம் செய்ய விடவில்லை. காரியம் செய்துவிட்டால் மனுஷன் திரும்பி வர முடியாது, செத்தவன் என்று பிண்டம் வைத்த வீட்டுக்குள் உயிரோடு எப்படிக் கால் வைப்பான் என்று ஒரே பிடிவாதம். இப்போது அரசப்பனின் தம்பி ராஜவேலு, வருகிற ஆடி அமாவாசைக்கு ஏரிக்கரையில் காரியத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டான். அவன் பெண்ணுக்கு வருகிற சம்பந்தமெல்லாம், அலைகிற ஆவியைச் சாந்தி பண்ணாத வீடு என்று தட்டிப் போகிறதாம். செங்கம்மாள் கடைசியில் ஒரு நிபந்தனையோடு தலையாட்டினாள். அந்தக் காரை ஓடவைக்க வேண்டும், அவர் இறங்கின இடத்துக்குத் தன்னை அதிலேயே கூட்டிப்போக வேண்டும், அப்படியும் வரவில்லையென்றால் தாலியைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்றாள். கையோடு பரசுராமனுக்கும் சொல்லி அனுப்பினாள்.

குப்புராஜின் தீர்ப்பு முதல் நாளே தயார். ராஜவேலுதான் கொலைகாரன். நஞ்சை நிலம் இருக்கிறது, அண்ணன் இல்லை, மீசை வேறு கொடுவாள் மாதிரி இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? ஆனால் ராஜவேலு அவர்களை உட்கார வைத்து மோர் கொடுத்து, சுவரில் மாலை போட்டிருந்த தாயின் படத்தைக் காட்டி அழுதான். அண்ணன் போன துக்கத்தில் அந்த மாதமே அம்மாவும் போய்விட்டாள், அண்ணன் பேரைச் சொல்லிக்கொண்டே போனாள் என்றான். பக்கத்தில் அண்ணன் படத்தையும் மாட்ட அண்ணி விடவில்லை என்றும் சொன்னான். பரசுராமன் அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் வேலை சும்மா சொல்லக்கூடாது, பெண்டு நிமிர்த்திவிட்டது. டாங்கில் பெட்ரோல் பசையாகக் கிடந்தது. சைலன்சருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. எஞ்சின் துருப்பிடித்து அசையவே இல்லை. பிளக்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஊற்றி ஊறப்போட்ட பிறகுதான், கைப்பிடி போட்டுச் சுற்றியபோது ஒரு முனகலோடு இளகிக் கொடுத்தது. புதுவாயல் கூட்ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்த திருமலையிடம் லாரி பேட்டரி இரவல் வாங்கி மாட்டினான். எல்லாம் ஆயிற்று. எஞ்சின் சுற்றுகிறது, பற்ற மாட்டேன் என்கிறது.

பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற டப்பாவின் மூடியைத் திறந்தான். உள்ளே ரோட்டர் இல்லை.

ரோட்டர் என்பது கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டு, தலையில் ஒரு பித்தளை நாக்கு. அது உள்ளே சுற்றினால்தான் ஒவ்வொரு பிளக்கிலும் பொறி வரும். அது இல்லையென்றால் வண்டி வெறும் தகரம்.

"சார், யாரோ சுட்டுட்டான்" என்றான் குப்புராஜ்.

செங்கம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். "எங்க எறங்கினாலும் அத்தக் கழட்டி இடுப்புல முடிஞ்சிக்குவாரு. சாவிய மறப்பாரு, அத்த மறக்கமாட்டாரு. வண்டிய எவனும் ஓட்டிக்கினு போவக்கூடாதுன்னு."

அப்படியானால் கரையில் கிடந்த சட்டைப் பையில் அது இருந்ததா என்று பரசுராமன் கேட்டார். கைக்கடிகாரம் இருந்தது, சில்லறை இருந்தது, அது இல்லை. கார் கிளம்பாமல் மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். ஏன் கிளம்பவில்லை என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, துக்க வீட்டில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

வெளியே வந்ததும் அவர் குப்புராஜிடம், கடிகாரத்தைக் கழற்றி வைத்தவன் ரோட்டரை வைக்கவில்லை, அது அவன் இடுப்போடு போயிருக்கிறது, அது எங்கேயோ அங்கே அவன் என்றார்.

"அப்போ மீன் வயித்துல இருக்கும் சார். மீன்காரம்மாவாண்டதான் கேக்கணும்" என்றான் குப்புராஜ்.

*

கல்கத்தா ரோட்டில் லாரிகள் நிற்கிற இடம் புதுவாயல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் அளக்க வந்தவர்கள் டீக்கடை பெஞ்சுகளில் அடைந்து கிடந்தார்கள். திருமலை தன் கடையில் உள்ளதையெல்லாம் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். அந்தக் காலத்து மாரிஸுக்கு ரோட்டர் மெட்ராஸிலேயே கிடைக்காது, வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்று வருஷக்கணக்காகிறது, வேறு வண்டியின் ரோட்டரை ராவிப் போட்டாலும் பொருந்தாது என்றான்.

பரசுராமன் அதைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். லாரி டிரைவர்கள், பஸ் கண்டக்டர்கள், கூடை இறக்கிவைத்த பெண்கள் எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். ஆரணியில் ஒரு அம்மா இருக்கிறாள், புருஷன் ஏழு வருஷமாக இல்லை, இன்றைக்குவரை காரியம் செய்ய விடவில்லை, தாலியோடு காத்திருக்கிறாள், வருகிற அமாவாசைக்குக் கழற்றப் போகிறார்கள், அந்தக் காருக்கு ஒரு ரோட்டர் மட்டும் கிடைத்தால் போதும் என்றார். அடுத்த பஸ் கூட்டத்துக்கும் அதையே சொன்னார்.

ரோட்டர் வேணும்னா ரோட்டர் வேணும்னு சொல்லாமல் இதென்ன காலட்சேபம் என்று குப்புராஜுக்கு எரிச்சலாக வந்தது. சாமானைத் தேடுகிறவன் விலையைச் சொல்வான், ஆளைத் தேடுகிறவன் கதையைச் சொல்வான் என்றார் அவர்.

அமாவாசைக்கு முந்தின வாரம் திருமலையே சைக்கிளில் ஆரணிக்கு ஓடி வந்தான். மடித்த துணியைப் பிரித்துக் காட்டினான். உள்ளே ரோட்டர்.

யாரோ ஒரு மீன்காரப் பெண்பிள்ளை கடையில் வைத்துவிட்டுப் போனாளாம். விலை கேட்டால் வேண்டாம் என்றாளாம். டீகூடக் குடிக்கவில்லை. 'அந்த அம்மாவாண்ட குடுத்துடு, இது அவங்களுது' என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பாக்கம் பஸ்ஸில் ஏறிவிட்டாளாம்.

"புதுவாயல்ல துட்டு வாங்காம சாமான் குடுத்தாளா? அவளப் புடிச்சி மியூசியத்துல வைக்கணும்" என்றான் குப்புராஜ். சொன்ன பிறகுதான், தான் மீன்காரம்மா என்று கிண்டலாகச் சொன்னது நினைவுக்கு வந்து அவன் ஒரு அடி தள்ளி நின்றான்.

பரசுராமன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையில் இருந்த நாக்கு பித்தளை இல்லை. வெள்ளி. பழைய நாக்கு கருகிப்போய், மாற்றுச் சாமான் கிடைக்காமல், யாரோ வெள்ளியைத் தட்டி வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். அதில் இன்னும் பூ வேலையின் கோடுகள் மங்கலாக இருந்தன.

"மெட்டி" என்றான் குப்புராஜ். "சார், அந்தம்மா எடது கால்!"

ஆமாம் என்றார் அவர். அரசப்பனுடையது என்று சொல்லாமல் அந்த அம்மாவுடையது என்று சொல்லியிருக்கிறாள், அப்படியானால் மெட்டிக் கதை அவளுக்குத் தெரியும், அரசப்பன் வாயால் கேட்டிருக்கிறாள். கடல் காற்றில் வெள்ளி சட்டென்று கறுத்துப் போகும், இது பளபளக்கிறது, இதை யாரோ தினம் விரலால் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

குப்புராஜ் துள்ளிக் குதித்தான். அரசப்பன் உயிரோடு இருக்கிறான்! இப்போதே போய் அந்த அம்மாவிடம் சொல்கிறேன் என்று திரும்பியவனின் சட்டையைப் பரசுராமன் பிடித்து நிறுத்தினார். திருமலையைப் பார்த்து, அந்தப் பெண்ணின் கையில் என்ன இருந்தது என்று கேட்டார்.

கூடை இருந்தது, வேறொன்றும் இல்லை என்றான் திருமலை.

"வேற ஒண்ணுமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

இல்லை, வெறும் கைதான் என்றான். பரசுராமன் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

*

ஆரம்பாக்கத்தில் இறங்கி, படகு பிடித்து, ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. விசாரிக்க அதிகம் தேவைப்படவில்லை. பச்சையம்மா குடிசை வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் கையில் வளையல் இல்லை. நெற்றியில் பொட்டும் இல்லை. திருமலையிடம் கேட்ட கேள்வி குப்புராஜுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவளே சொன்னாள். முகத்துவாரத்து நீரோட்டம் அரசப்பனைக் கடலுக்கு இழுத்துப் போட்டுவிட்டது. அவள் அப்பா வலை போடப் போன இடத்தில், கால் ஒடிந்து, அரை உயிராகக் கிடைத்தான். ஒரு மாதத்துக்குமேல் ஜுரத்தில் பிதற்றினான். எழுந்து நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பினான். அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டான்.

"பொன்னேரி சந்தையாண்ட தம்பியப் பாத்தாராம். தல மொட்ட, மீசையும் எடுத்துட்டிருந்தாராம். எனக்குக் காரியம் பண்ணிட்டானுங்க பச்சையம்மா, எம் பொண்டாட்டி தாலிய அறுத்துட்டானுங்க, இனி நான் எந்த மூஞ்சியோட போவேன்னு அழுதாரு. எங்க நைனா எவ்ளோ சொல்லியும் கேக்கல" என்றாள் அவள்.

செத்தவன் என்று தலை முழுகிய வீட்டுக்குள் போனால் வீட்டுக்குத்தான் கேடு என்று நம்பினான். பிறகு வலையில் ஏறினான். வருஷம் கழித்து இவளையே கட்டிக்கொண்டான். ரோட்டரை மட்டும் இடுப்பை விட்டு எடுக்கவில்லை. நினைத்துக்கொண்டால் எடுத்து விரலால் தேய்த்துக்கொண்டிருப்பான். யாருடையது என்று இவள் கேட்டபோது மெட்டிக் கதையைச் சொன்னான். மறுபடியும் ஜுரம் வந்து, போன கார்த்திகையில் போய்விட்டான்.

பஸ்ஸில் யாரோ சொல்லி, பரசுராமனின் கதையைக் கேட்ட அன்றைக்குத்தான் பச்சையம்மாவுக்கு ஆரணியில் காரியமே நடக்கவில்லை என்று தெரிந்தது.

"அப்போ அந்த மொட்ட யாருக்கு அய்யா?" என்று கேட்டாள்.

"அவங்க அம்மாவுக்கு" என்றார் பரசுராமன்.

தன் தாய் செத்தது அந்த மனுஷனுக்குக் கடைசிவரை தெரியாது. தாய்க்காகப் போட்ட மொட்டையைத் தனக்குப் போட்டது என்று நினைத்து, வாசலில் ஒருத்தி காத்திருக்க, ஆறு வருஷம் அரைநாள் தூரத்தில் வாழ்ந்து செத்திருக்கிறான். குப்புராஜ், கார்த்திகையில் எந்த நேரத்தில் என்று கேட்டான். ஏன் கேட்டோம் என்று உடனே நொந்தும் கொண்டான்.

"சோறு வடிச்சிக்கினு இருந்தேன் தம்பி. உச்சி வேள. கதவத் தொற, கதவத் தொறன்னாரு. தொறந்துதான் கெடக்குதுன்னேன்" என்றாள் அவள்.

படகில் திரும்பி வருகிற வழியெல்லாம் பரசுராமன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தத் தட்டுகிற சத்தத்துக்கு என்ன விளக்கம் என்று குப்புராஜ் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

*

செங்கம்மாள் எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். ரோட்டரைக் கையில் வாங்கி வெள்ளி நாக்கைத் தடவினாள். தன் மெட்டியை அவர் நறுக்கியபோது வேறு வாங்கித் தருகிறேன் என்றாராம், வேறு வேண்டாம், இது வண்டியில் இருக்கிறவரைக்கும் நான் கூடவே வருகிற மாதிரி என்று இவள் சொன்னாளாம்.

ராஜவேலு கொட்டகைச் சுவரில் சாய்ந்து, மொட்டை அடித்திருந்த அந்தப் பழைய நாளைத் தேடுகிறவன்போலத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். பார்த்தவர் ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். குப்புராஜுக்கு அந்தக் கொடுவாள் மீசையைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"பெத்தவளுக்குத்தான மொட்ட போட்ட. அதுல உன் தப்பு இன்னா கீது?" என்றாள் செங்கம்மாள் அவனிடம். பிறகு பரசுராமன் பக்கம் திரும்பினாள். "போன கார்த்திக வரிக்கும் இருந்தாருல்ல? அதுவரிக்கும் நான் வச்ச பொட்டு பொய்யில்ல. ஊர்ல எல்லாம் பைத்தியம்னு சொன்னாங்களே, நான் பைத்தியமில்ல."

அதன் பிறகுதான் அழுதாள்.

ஆடி அமாவாசை காலையில் குப்புராஜ் ரோட்டரை மாட்டினான். கைப்பிடியை இரண்டு தடவை சுற்றியதும் மாரிஸ் இருமிப் புகை கக்கிப் பேசியது. தெருவில் நின்ற ஜனங்கள் பின்வாங்கினார்கள். குப்புராஜ் ஓட்ட உட்கார்ந்ததும், செங்கம்மாள் அவனுக்குப் பக்கத்து இருக்கையில், எப்போதும் உட்காருகிற இடம்போல, போய் உட்கார்ந்துகொண்டாள்.

பழவேற்காட்டுக் கரையில் பச்சையம்மா காத்திருந்தாள். செங்கம்மாள்தான் ஆள் அனுப்பி வரச்சொல்லியிருந்தாள். காரியம் முடிந்து தாலியைக் கழற்றுகிற நேரம் வந்தது. கைம்பெண்கள்தான் கழற்ற வேண்டும். ஊரிலிருந்து வந்த வயதான பெண்கள் கிட்டே வந்ததும் செங்கம்மாள் விலகிக்கொண்டாள்.

"நீ கழட்டு தங்கச்சி" என்றாள் பச்சையம்மாவிடம். "அவருக்குக் கடைசியா சோறு போட்ட கை."

பச்சையம்மாவுக்கு அந்த முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கரையில் அழாதவர்கள் யாரும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் செங்கம்மாள் காரிடம் வந்து நின்றாள். குப்புராஜ், யாரும் சொல்லாமலே, மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அரசப்பன் இறங்கினால் செய்கிற வேலை அது. அவள் வலது கால் மெட்டியையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து முழங்கால் ஆழத்துக்கு இறங்கித் தண்ணீரில் விட்டாள்.

குப்புராஜுக்கு ஏதாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, அந்த ரோட்டர் இனிமே இந்தியாவுலயே கெடைக்காது."

"தெரிஞ்சிதான் தம்பி போட்டேன்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறந்து கிடந்த டிரைவர் பக்கக் கதவைத் தன் கையால் சாத்தினாள். பிறகு ராஜவேலுவைப் பார்த்து, ஜனங்கள் வந்த வண்டியின் மாட்டை அவிழ்த்துக் காரில் பூட்டச் சொன்னாள்.